வியாழக்கிழமை போன் செய்ய வேண்டாம்

ராஜபாளையம்
13-4-2025, ஞாயிறு

அன்பு மச்சானுக்கு ஹஃபீஸா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் உடம்புக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று கேட்டுக்கொண்டே இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

மைதீன் பிச்சை மாமா நாளை சவூதிக்கு, உங்கள் தம்மாமுக்குத் திரும்புகிறார். பால்கோவா இல்லையா, வெறும் கடிதம்தானா என்று கேட்டுச் சிரித்தார். வேறு வழியில்லை. வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினால் உங்கள் மகள் சப்ரீன் என் போனை எடுத்துப் போட்டுக் கேட்கிறாள். டைப் செய்தால் எழுத்துக்கூட்டிப் படித்துவிடுகிறாள். பேசலாம் என்றால் எனக்கு இரண்டு வார்த்தையிலேயே அழுகை வந்துவிடுகிறது. நான் அழுதால் அவளும் அழுவாள். அவள் அழக்கூடாது.

அவளுக்குத் தலையில் ரத்தக் குழாய் அடைப்பு, வியாழக்கிழமை மதுரையில் ஆபரேஷன் என்று மட்டும்தான் உங்களிடம் சொன்னேன். முழுசாகச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

நோன்பில் சப்ரீன் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே போட்டாளே, ஞாபகம் இருக்கிறதா? ஏழு வயதில் முதல் நோன்பு. நோன்பு திறந்ததும் பசி தாங்காமல் கொதிக்கக் கொதிக்க ஊதி ஊதிக் குடித்தாள். ஊதிக்கொண்டிருக்கும்போதே கை விட்டுப்போனது. களைப்பு என்று நான் நினைத்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்திருந்த உங்கள் அக்கா நூர்னிசா மைனி, “ஏட்டி, உன் மவ நல்லா நடிக்கா. நாளைக்கு நோன்பு வைக்காம இருக்க வழி பாக்கா” என்றார்கள். நீங்களும் வீடியோவில் சிரித்தீர்கள்.

பெருநாளுக்கு முந்தின நாள் மருதாணிக் கையோடு புதுத்துணியைத் தொட்டுவிட்டாள். ஒரு அடி வைத்தேன். அழுதாள். அழ அழ வலது கை தொங்கிப்போனது, வாய் கோணியது. அதையும் நடிப்பு என்று நினைத்து இன்னொரு அடி வைத்தேன், மச்சான். அவள் ‘அம்மா’ என்று சொல்லப் பார்த்தாள், சொல்ல வரவில்லை. அடித்த அந்தக் கையால்தான் இப்போதும் அவளுக்குச் சோறு ஊட்டுகிறேன்.

பிறகு மைனிதான் பதறிப்போய் அவர்கள் ஊர் டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். அழும்போதும் ஊதும்போதும் மட்டும்தான் இப்படி ஆகிறதா என்று அவர் கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்கே மதுரைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

மதுரையில் மயக்க மருந்து கொடுக்கிற டாக்டரம்மா என்னை உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினார்கள். மூளைக்குப் போகிற பெரிய குழாய்கள் இவளுக்குச் சுருங்கிவிட்டன. ரத்தம் குறைந்தால் நம் மூளை சின்னக் குழாய்களை விரித்து எப்படியோ வாங்கிக்கொள்ளும். இவளுக்கு அவை எல்லாம் முன்பே விரிந்துதான் கிடக்கின்றன, இனி விரிய இடமில்லை. அழுது வேகமாக மூச்சு வாங்கினால் உள்ளே இருக்கிற கெட்ட காற்று அதிகமாக வெளியே போய்விடுமாம். அதுவும் கொஞ்சம் உடம்பில் இருக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் குழாய்கள் இறுகிவிடும். ஊதினாலும் அப்படித்தான்.

தலைத்தோலில் ஓடுகிற ஒரு குழாயை மூளைமேல் கொண்டுவந்து வைத்துத் தைக்கப்போகிறார்கள். மயக்க மருந்து கொடுத்தால் மூளை ஓய்ந்துவிடும், குறைந்த ரத்தமே போதும், அது நல்லது என்றார்கள். நான் அல்ஹம்துலில்லாஹ் என்றேன். அவர்கள் என்னைச் சந்தோஷப்பட விடவில்லை. அதே மருந்து பிரஷரையும் இறக்கும். சில மருந்து நல்ல பக்கத்துக் குழாயை விரித்து, கெட்ட பக்கத்துக்குப் போக வேண்டிய ரத்தத்தையும் இழுத்துக்கொள்ளும். பார்த்துப் பார்த்துக் கொடுப்போம், அது எங்கள் வேலை என்றார்கள். உங்கள் வேலை ஒன்று இருக்கிறது, பிள்ளை அழாமல் உள்ளே வர வேண்டும் என்றார்கள். அழுதுகொண்டே வந்தால், மயங்குவதற்கு முன்னாலேயே கை கால் விழுந்து, அப்படியே நிலைத்துவிடலாமாம். அதற்கு மேலும் ஒன்று சொன்னார்கள். அதை நான் எழுதமாட்டேன்.

வீட்டில் இப்போது அவள் வைத்ததுதான் சட்டம். எதையாவது மறுத்தால் உதட்டைப் பிதுக்கி, “அழவா?” என்று கேட்கிறாள். நேற்று அப்படியே இரண்டு ஐஸ்கிரீம் வாங்கிவிட்டாள். அப்படியே உங்கள் குணம். எனக்குச் சிரிப்பும் வருகிறது, பயமும் வருகிறது.

நீங்கள் அவளிடம், “ஆபரேஷன் ரூம் வாசல் வரைக்கும் அத்தா போன்ல கூடவே வாரேன்” என்று சொல்லியிருக்கிறீர்கள். லீவு தராத கம்பெனியில் இருந்துகொண்டு உங்களால் முடிந்தது அதுதான், எனக்குத் தெரியும். அவளும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறாள். மச்சான், உங்களுக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். நீங்கள் பேசும்போதெல்லாம் அவள் சிரிப்பாள். நீங்கள் போனை வைத்த பிறகுதான் அழுவாள். மூன்று வருஷமாக அப்படித்தான். நீங்கள் வருத்தப்படுவீர்கள் என்றுதான் இதுவரை சொல்லவில்லை. இந்த இரண்டு வாரமாக நீங்கள் வைத்ததும் எதையாவது காட்டி அழவிடாமல் பார்த்துக்கொள்கிறேன், ஆஸ்பத்திரியில் அது முடியாது.

அதனால் வியாழக்கிழமை போன் செய்ய வேண்டாம். புதன்கிழமையே ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள், அன்றும் வேண்டாம். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். அத்தாவுக்கு டூட்டி, சாயங்காலம் பேசுவார்கள் என்று அவளிடம் பொய் சொல்லப்போகிறேன். அல்லாஹ் என்னை மன்னிப்பான். சாயங்காலம் அவள் பேச முடியாமல் போனால் நீங்கள் என்னை மன்னிப்பீர்களா என்பதுதான் தெரியவில்லை. உங்களிடம் எதைப் பிடுங்குகிறேன் என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

செவ்வாய்க்கிழமை மட்டும் பேசுங்கள். கொஞ்ச நேரம் பேசுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள் என்றெல்லாம் சொல்ல வேண்டாம். சாதாரணமாகப் போனை வையுங்கள், நாளைக்குப் பேசப்போகிறவர் மாதிரி.

இந்த வீட்டில் இரண்டு வாரமாக யாரும் அழவில்லை. நான் பாத்ரூமில்கூட அழுவதில்லை, கண் சிவந்தால் கண்டுபிடித்துவிடுகிறாள். நீங்கள் தூரத்தில் இருக்கிறீர்கள். நீங்கள் அழுதால் அவளுக்குக் கேட்காது. எனக்கும் சேர்த்து அழுதுவிடுங்கள், மச்சான்.

துஆவில் அவளை முதலில் வையுங்கள்.

உங்கள்
ஹஃபீஸா