பாரிசுக்கு ஒரு ஆள்

மதினி,

புதுப் பெட்டியைத் திறந்தேன், குப்பென்று ஏலக்காய் வாசம். வீட்டில் வைத்தால் சொந்தக்காரர்கள் துருவுவார்கள் என்று, அண்ணனின் குடோனில் மூட்டைகளுக்குப் பின்னால் அதை ஒளித்து வைத்தது உங்கள் யோசனை. மூன்று மாதத்தில் பெட்டியே ஏலக்காயாகிவிட்டது. பாரிசில் இறங்கியதும் மோப்ப நாய் முதலில் என்னைத்தான் பிடிக்கும்.

இது நீங்கள் சிரிக்க வேண்டிய இடம்.

டிராவல்ஸ் தம்பி காலையிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டுவிட்டான். "அக்கா, அஞ்சு மணிக்குள்ள சொல்லிருங்க. நீங்க மட்டும் போறீங்களா, ரெண்டு டிக்கெட்டையும் கேன்சல் பண்ணிரவா?" இப்போது மணி நாலரை. நீங்கள் முடிவு செய்வீர்கள், நான் கேலி செய்வேன். இருபது வருடமாக நம் வேலைப் பங்கீடு அதுதானே? என்னிடம் போய் முடிவைக் கேட்கிறான்.

ஏலக்காய் சலித்த இடத்திலேயே பாரிசையும் சலித்தோம். நான் போனைப் பார்த்து வாசிக்க, நீங்கள் சல்லடையை ஆட்டிக்கொண்டே தரம் பிரித்தீர்கள்.

"ஈஃபில் டவரு?"

"பெருங்காய். மேல நிக்கட்டும்."

"அரண்மனை?"

"நம்ம போடியில இல்லாத அரமணையா? கீழ தள்ளு."

"ஆத்துல படகு?"

"அடியே, அதான் மொதத் தரம்! ரெண்டு கரையிலயும் எவ எவ என்ன உடுத்தியிருக்கான்னு பாத்துக்கிட்டே போகலாம்ல."

அதோடு விட்டீர்களா? "போடிமெட்டு ஏறுறதுக்குள்ள ரெண்டு தடவ வாந்தி எடுக்குறவ நீ. ஏரோப்ளேன்ல எம்பக்கம் திரும்புன, கொன்னுபுடுவேன்."

பாஸ்போர்ட் படம் எடுத்த அன்று பல் தெரியக் கூடாது என்றார் ஸ்டூடியோக்காரர். நான் பின்னால் நின்று முகத்தைக் கோணிக் காட்ட, நீங்கள் வெடித்துச் சிரிக்க, கடைசியில் என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். அப்புறம்தான் அந்த உம்மென்ற படம் விழுந்தது. பாஸ்போர்ட் வந்து டிக்கெட் போட்ட வாரத்திலேயே, நெஞ்சு வலிக்கிறது என்று குடோனில் உட்கார்ந்த நீங்கள் எழுந்திருக்கவில்லை. அவசரத்துக்குக் கையில் கிடைத்தது அந்தப் படம்தான். பஸ் ஸ்டாண்டில் கண்ணீர் அஞ்சலி பேனரில் யாரோ ஒரு கோபக்காரி நின்றாள். இவர் எங்கள் மதினி இல்லை, கழற்றுங்கள் என்று கத்தத் தோன்றியது. அன்று நான் சும்மா இருந்திருந்தால், நீங்கள் கொஞ்சமாவது சிரித்த முகமாக விழுந்திருப்பீர்களோ?

"போயிட்டு வா ஆத்தா, அவளுக்கும் சேத்துப் பாத்துட்டு வா" என்கிறார் அண்ணன். சொல்லிவிட்டுச் சோற்றைத் தொடாமல் எழுந்து போகிறார். சேர்த்துப் பார்ப்பது எப்படி மதினி? எனக்கு இருப்பது இரண்டு கண், அதுவும் சோடாபுட்டி போட்டது.

போன் அடித்துவிட்டது. "நான் மட்டும் போறேன், போட்ருப்பா" என்றேன். தைரியத்தில் சொல்லவில்லை. போகாவிட்டால் நாம் பேசியதெல்லாம் பொய்யாகிவிடுமே என்ற பயத்தில் சொன்னேன்.

பாரிசைப் பார்த்துவிடலாம். பார்த்ததை யாரிடம் வந்து சொல்வேன்? நேற்று மார்க்கெட்டில் ஒருத்தி முழுக் கல்யாணப் பட்டில் நின்று கருவாட்டுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். சட்டென்று இடப்பக்கம் திரும்பி, "மதினி, அங்க பாருங்களேன்" என்றேன்.

பக்கத்தில் நின்ற யாரோ ஒரு பெரியவர், பாவம், பார்த்தார்.