வெட்டுப்பட்ட கடைசிப் பத்தி

திங்கட்கிழமை, மாலை ஆறு மணி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். சித்தி எப்படி இருக்கிறாள் என்று வழக்கம்போலக் கேட்பாய், இந்தக் கடிதமே அதற்குத்தான். சித்தியின் இடது மார்பில், மேல்பக்கம் அக்குளை ஒட்டி, பதினான்கு மில்லிமீட்டர் அளவில் ஒரு கட்டி இருக்கிறது. இன்று காலை பத்தே முக்காலுக்கு ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா திரையைப் பார்த்தபடி சொன்னார், பக்கத்தில் நின்று நானே கேட்டேன். அது புற்றா இல்லையா என்று இன்னும் தெரியாது. வேறு யார் உனக்குப் போன் செய்து என்ன சொன்னாலும், இதற்கு மேல் இன்றைக்கு யாருக்கும் எதுவும் தெரியாது என்பதை நினைவில் வைத்துக்கொள். நானே பேசியிருக்கலாம், மூன்று முறை போனைக் கையில் எடுத்துக் கீழே வைத்துவிட்டேன், எழுதினால் வரிசை தப்பாமல் சொல்லலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் உனக்கு. குளிக்கும்போதோ உடை மாற்றும்போதோ மார்பில், அக்குளில் முன்பு இல்லாத ஒன்று கைக்குத் தட்டுப்பட்டால், தோல் குழிந்திருந்தால், காம்பில் நீரோ ரத்தமோ கசிந்தால், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதே. போன வருஷம் எடுத்த மேமோகிராம் படம் சுத்தமாக வந்ததே என்று மனதைத் தேற்றிக்கொள்ளாதே. போய்க் காட்டு. உன் டாக்டரிடம் சித்தியின் விஷயத்தையும் சொல்லி, உனக்கு எந்த வயதில் படம் எடுக்கத் தொடங்க வேண்டும் என்று கேட்டு வை.

இனி நடந்ததைச் சொல்கிறேன். போன புதன்கிழமை என் கோட்டின் கை நீளத்தைக் குறைக்கச் சித்தியின் தையல் கடைக்குப் போனேன். ஒரு கையை மட்டும் கோட்டுக்குள் விட்டு நிற்கிறேன், வாயில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தவள், ஊசிகளை எடுத்துவிட்டு, மழை வருமா என்று கேட்கிற குரலில், "அக்கா, இங்க ஒரு பட்டன் மாதிரி இருக்கு. லைனிங் துணிக்கு அடியில பட்டன் மாட்டிக்கிட்டா தட்டுப்படுமே, அது மாதிரி. நாலு மாசமா" என்றாள். ஏண்டி சொல்லவில்லை என்று கத்தினேன். அவள் என்னை விநோதமாகப் பார்த்து, "எட்டு மாசத்துக்கு முன்னாடி படம் எடுத்தேன், ஒண்ணுமில்லன்னாங்க. அப்புறம் நீயேதானே எழுதியிருக்க, கையால தடவிப் பார்த்துப் பயப்பட வேணாம்னு" என்று மிஷினுக்குப் பின்னாலிருந்த சுவரைக் காட்டினாள். பேட்டர்ன் காகிதங்களுக்கு நடுவில் எங்கள் பேப்பரில் வந்த என் செய்தி, இரண்டு வருஷத்துக்கு முந்தையது, மேலே என் படத்தோடு, நாலு மூலையிலும் குண்டூசி குத்தி மாட்டியிருந்தது. தலைப்பு: மார்புப் புற்று: கைப் பரிசோதனை தேவையில்லை.

ஒற்றைக் கையில் கோட்டோடு நின்றபடியே படித்தேன். நான் எழுதிக் கொடுத்த தலைப்பு, அறிகுறி இல்லாத பெண்களுக்கு வழக்கமான கைப் பரிசோதனை தேவையா என்பது. பக்கத்தில் இரண்டு காலம் அகலத்துக்குள் அடங்கவில்லை என்று அலுவலகத்தில் சுருக்கியிருக்கிறார்கள். அது அவர்கள் செய்தது. ஆனால் உள்ளே பார்த்தால் கடைசிப் பத்தியைக் காணோம். கட்டியோ வேறு மாற்றமோ தெரிந்தால் படம் எப்படி வந்திருந்தாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று நான் எழுதியிருந்த பத்தி. அந்த இடத்தில் நாற்காலி விளம்பரம் இருந்தது. மகளே, முப்பத்தோரு வருஷமாகப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுப்பது ஒன்றுதான், முக்கியமானதை மேலே வை, இடம் பற்றாவிட்டால் கீழேயிருந்துதான் வெட்டுவார்கள் என்று. அப்படிச் சொன்ன நானே உயிருக்கு வேண்டிய வரியைக் கொண்டுபோய்க் கடைசியில் வைத்திருக்கிறேன். ஊர் அறிந்த விஷயம்தானே, முடிவில் ஒரு வரி போதும் என்று நினைத்திருக்கிறேன். அச்சானதைப் படித்தும் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவளை அழைத்துப் போனோம். டாக்டரம்மா எந்த மிஷினுக்கும் அனுப்புவதற்கு முன்னால் கையாலேயே பார்த்தார். உட்காரவைத்து ஒரு முறை, கையைத் தலைக்குமேல் தூக்கிப் படுக்கவைத்து ஒரு முறை. மூன்று விரல்களின் உள்பக்கத்தால் சின்னச் சின்ன வட்டமாக அழுத்தி, காறை எலும்பு வரைக்கும், அக்குள் வரைக்கும், எட்டு நிமிஷம். சித்தி சும்மா இருப்பாளா, "எல்லாரையும் நான்தான் அளவெடுப்பேன் டாக்டர், இன்னைக்கு என் முறை" என்றாள். அவரும் சிரித்துக்கொண்டே, "அப்போ நான் துணியை விறைப்பா புடிக்கிறேனான்னு நீங்கதான் சொல்லணும்" என்றார். பிறகு மேமோகிராம். அதில் ஒன்றுமே இல்லை. கைக்குக் கிடைப்பது படத்தில் கிடைக்கவில்லை. எனக்கு அப்பாடா என்று இருந்தது, அவரோ இல்லை என்று தலையை ஆட்டினார். சித்திக்குத் திசு அடர்த்தி அதிகமாம், அதுவும் படத்தில் வெள்ளையாகத் தெரியுமாம், கட்டியும் வெள்ளையாகத் தெரியுமாம். "வெள்ளைத் துணியில வெள்ளை நூலா?" என்று சித்தி கேட்டாள். அதேதான் என்றார். அதனால்தான் இன்று ஸ்கேன், அதில் அகப்பட்டது. அங்கேயே ஊசி வைத்து, புற்றா என்று சோதிக்கத் திசுத் துணுக்கு எடுத்தார்கள். "உன் பேப்பருக்கு ஊசி குத்தினேன், இப்ப எனக்கே குத்திட்டாங்க பாரு" என்று வெளியே வரும்போது என்னைச் சீண்டினாள். சிரிக்கப் போய் அழுதுவிட்டேன். அப்பா எங்கள் இருவருக்கும் ஒரே கைக்குட்டையை நீட்டிக்கொண்டு நின்றார், பாவம்.

என் செய்தி தப்பா என்று டாக்டரம்மாவிடம் நேராகக் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே குறித்துக்கொண்டேன். "ஒரு தொந்தரவும் இல்லாத ஆயிரம் பேரை வரிசையா நிக்க வெச்சு வருஷா வருஷம் கையால பாத்தா எத்தனை உயிர் மிஞ்சும்னு இன்னும் உறுதியா சொல்ல முடியலம்மா. வீண் பயமும் தேவையில்லாத ஊசியும் கூடுறதும் உண்டு. படம் எடுக்க வசதி இல்லாத இடத்துல கைதான் துணைன்னு சொல்றவங்களும் இருக்காங்க. நீங்க எழுதினது அதுவரைக்கும் சரி. ஆனா உங்க தங்கச்சி வரிசையில நிக்கிறவங்க இல்ல, கதவைத் தட்டிட்டு வந்தவங்க. அவங்களுக்குப் படம் மட்டும் தீர்ப்பு சொல்லாது." அந்த நாலு மாதம் எவ்வளவு கெடுதல் செய்திருக்கும் என்றும் கேட்டேன். கெட்டுவிட்டது என்றும் சொல்ல மாட்டேன், கெடவில்லை என்றும் சொல்ல மாட்டேன் என்றார்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். இன்று திரும்பி வரும்போது காரில் சித்தி திடீரென்று என் முழங்கையைப் பிடித்து, "அக்கா, சாம்பல் கோட்டு" என்றாள். போன மாதம் அளவெடுக்கும்போது ஒரு அம்மாள், அக்குள் பக்கம் ஏதோ கெட்டியாக இருக்கிறது, டேப்பை இறுக்காதீங்க என்றாராம். இவள் அவருக்கு என் செய்தியைச் சுவரிலிருந்து படித்துக் காட்டி, எங்க அக்காவே எழுதியிருக்கா, பயப்படாதீங்க என்று அனுப்பியிருக்கிறாள். நேராகக் கடைக்குப் போய் நோட்டைப் புரட்டினோம். பெயர் இல்லை, போன் நம்பர் இல்லை. சாம்பல் கோட்டு என்று எழுதி, மார்பு, இடுப்பு, கை நீளம், கொடுக்கும் தேதி மட்டும் சுத்தமாகக் குறித்திருக்கிறாள். தைத்து முடித்த கோட்டு ஆணியில் தொங்குகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு, சித்திக்குப் போன் செய்தால் அழாமல் பேசு, அவள் சிரிக்கத் தயாராக இருக்கிறாள், நீ கெடுத்துவிடாதே. உன் டாக்டரிடம் கேட்கச் சொன்னதை மறக்காதே. நீயும் மாப்பிள்ளையும் நீண்ட ஆயுளோடு நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும், அதைத் தவிர இன்றைக்கு எனக்கு வேறு ஆசி தோன்றவில்லை. திருத்தச் செய்தி, விட்டுப்போன பத்தியை முதல் வரியாக வைத்து, இன்று மதியமே ஆசிரியர் மேஜையில் கொடுத்துவிட்டேன், போடுவதா என்பதை நாளைக் காலைக் கூட்டத்துக்குப் பிறகு சொல்கிறேன் என்றிருக்கிறார். சித்தியின் ஊசிப் பரிசோதனை முடிவு வியாழக்கிழமை மாலை நாலு மணிக்குமேல். அது எப்படி வந்தாலும் சனிக்கிழமை கடையைத் திறந்தே தீருவேன் என்கிறாள், சாம்பல் கோட்டை வாங்கிப்போக அந்த அம்மாளை வரச் சொன்ன தேதி அதுதான், நேரம் குறிக்கவில்லை.

உன் அம்மா