பாதி டப்பா எண்ணெய்

இன்று காலை திருவொற்றியூர்ப் பட்டறைக்கு ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்த ஒருவர், "ரொம்பப் பொகையா கீதுப்பா, ஆயிலக் கொறச்சுக் கலந்து குடு" என்றார். "கொறைக்க மாட்டேன். வண்டிய எடுத்துக்கினு போய்யா!" என்று கத்திவிட்டேன். மனுஷன் அரண்டு போனார். அவர் போன பிறகும் எரிந்த எண்ணெய் வாடை போகவில்லை. அது உன் சட்டை வாடை.

ராயபுரத்துக் கப்பல் ஏஜென்சியில் நீ ஸ்கூட்டரில் துறைமுகத்துக்குக் காகிதம் கொண்டுபோனவன். நான் அதே ஆபீஸ் கொட்டகையில் பெட்ரோலில் எண்ணெய் கலந்தவன். ஒரு கேலன் பெட்ரோலுக்கு ஒரு பால் டப்பா எண்ணெய். அந்த எண்ணெய் இருந்தால்தான் இஞ்சின் வழுக்கி ஓடும். கூடவே புகையும் வரும். கல்மண்டபத்து மீன்காரிகள் உன்னை விடமாட்டார்கள். "யோவ், பச்ச மீன கருவாடா ஆக்கிட்டுப் போறியே!" நீ விசிலடித்துக்கொண்டே போவாய். "பொகை வந்தா வண்டி உசுரோட கீதுன்னு அர்த்தம், மாமு" என்பாய் என்னிடம்.

ஒருநாள் மேனேஜர் உன் பின்னால் உட்கார்ந்து போனார். அவருடைய வெள்ளைக் கால்சட்டையில் கரும்புள்ளிகள் விழுந்தன. மறுநாள் கொட்டகைக்கு வந்து, "இனிமே பாதிதான்" என்றார்.

"எண்ணெய் கொறஞ்சா இஞ்சின் இறுகிப் புடிச்சிக்கும் சார்."

"நீ என்ன இஞ்சினியரா?"

டப்பாவில் பாதி உயரத்தில் ஆணியால் கோடு கீறி, அதுவரை ஊற்றினேன். உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் சண்டைக்குப் போவாய், என் வேலையும் போகும் என்ற பயம்.

கொடுமை என்னவென்றால், வண்டி முன்னைவிட நன்றாக ஓடியது. புகையே இல்லை. "இன்னாடா பண்ணே? குதுர மாதிரி கீது!" என்று முதுகில் தட்டினாய். நான் இளித்தேன். மூன்றாம் நாள் உச்சி வெயிலில், எண்ணூர் சாலையில் இஞ்சின் இறுகிப்போய்ப் பின்சக்கரம் அப்படியே நின்றது. பின்னால் லாரி வந்துகொண்டிருந்தது.

உன் சாவுக்குக் காரணம் அதிவேகம் என்று மேனேஜர் எழுதினார். விசாரணையில் என்னைக் கேட்டபோது, "தெரியாது சார்" என்றேன். வாசலில் உன் மனைவி மறித்தாள். "அவரு தாறுமாறா ஓட்டுவாரா, தம்பி?" அவளைச் சுற்றிக்கொண்டு நடந்தேன். அப்புறம் வேலையை விட்டேன். அதற்குப் பிறகு மூன்று பட்டறை மாறிவிட்டேன். எதிலும் கால் தரிக்கவில்லை.

இன்று நான் கத்தியது அந்த மனுஷனைப் பார்த்து அல்ல. மத்தியானமே காத்திவாக்கம் போனேன். உன் மனைவி வலை பின்னிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நிமிரவில்லை.

"அப்போ அவரு மேல தப்பில்ல."

"இல்ல, அண்ணி."

"இத்த ஆபீசுல சொல்லாம எங்கிட்ட வந்து சொல்றே."

நடந்ததையெல்லாம் ஆபீசுக்கு எழுதிவிட்டேன். மேனேஜர் பெயரும் இருக்கிறது, என் பெயரும் இருக்கிறது. நாளைக் காலை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அந்தப் பால் டப்பாவையும் எடுத்துப்போகிறேன். வேலையை விட்ட அன்று அதை என்னோடு கொண்டுவந்தேன். எறியவும் முடியவில்லை, வேறெதற்கும் புழங்கவும் முடியவில்லை. உத்தரவு அவருடையதுதான். ஆனால் அந்தக் கோடு நான் கீறியது.