டொராண்டோவில் அம்மா சாப்பிட வேண்டிய பதினோரு இடங்கள்

ஜூன் 14, ஞாயிறு

காலை எட்டுக்கே மண்டையைப் பிளக்கும் வெயில். மாடியில் சுண்டைக்காய் வற்றல், வேப்பம்பூ காய்கிறது. எல்லாம் அக்காவுக்கு. டொராண்டோவில் பிரசவம். பத்தியம் சமைக்க அம்மா மூன்று மாதம் போகிறாள். வெள்ளிக்கிழமை விமானம்.

என் வேலையும் இன்று முடிந்தது. அந்த ஊரில் அம்மா போய்ச் சாப்பிட வேண்டிய பதினோரு இடங்கள். போனில் வரைபடத்தைத் திறந்து, அக்கா வீட்டிலிருந்து தெருத் தெருவாகப் பார்த்து எழுதியது. சில:

1. இலங்கைத் தமிழர் கடை. கொத்து ரொட்டி. தமிழிலேயே கேட்கலாம். ஒரே பஸ்.
4. பழைய சந்தைக் கட்டடம். ஒரு சுவர் முழுக்க சீஸ்.
7. தீவுக்குப் படகு. ஏரிதான், ஆனால் கடல் மாதிரி. கரையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு வறுவல்.
9. சீனக்காரர் தெரு. ஆவியில் வேகும் கொழுக்கட்டை. செவ்வாய், கிருத்திகை என்றால் காய்கறி வைத்தது மட்டும்.

நைனா படித்துவிட்டுச் சிரித்தார். “உங்கம்மா இன்னா டூருக்கா போறா? சமைக்கப் போறாடி.”

அம்மாவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். அதுதான் தாங்கவில்லை.

ஜூன் 16, செவ்வாய்

பள்ளி விட்டதும் அம்மாவை பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஓட்டலுக்கு இழுத்துப் போனேன். பயிற்சி. அவளேதான் ஆர்டர் சொல்ல வேண்டும் என்று நிபந்தனை.

நரைத்த தலை சர்வர். “இன்னா சாப்பிடுறீங்கம்மா?”

அம்மா என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

“சீக்கிரம் சொல்லுமா. நாலு டேபிள் காத்துகினு கீது.”

“பொண்ணுக்கு எது புடிக்குமோ அதுவே.”

“உனக்கு எதும்மா பிடிக்கும்?” என்றேன்.

நிஜமாகவே யோசித்தாள். “உங்க நைனாவுக்கு பூரி புடிக்கும்.”

கத்திவிட்டேன். பக்கத்து டேபிள் மொத்தமும் திரும்பியது. பூரி வந்தது. ஒன்றைத் தின்றாள், ஒன்றை நைனாவுக்கு இலையில் மடித்தாள்.

நாற்பத்து மூன்று வயது. தனக்கு எது பிடிக்கும் என்று தெரியாது! யார் மேல் கோபப்படுவது?

ஜூன் 18, வியாழன்

பெட்டி எடை கூடிவிட்டது. நைனா எடுத்து வெளியே வைத்தவை: நல்ல புடவை இரண்டு, என் பழைய ஸ்வெட்டர். “அங்க யாரு பாக்கப் போறாங்க.” பூண்டு, பிரசவ லேகியம், பொடிகள் எல்லாம் பத்திரமாக உள்ளே. என் பட்டியலைக் கைப்பையில் திணித்தேன். கண்ணெதிரே. யார் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும்.

ஜூலை 5, ஞாயிறு

இங்கே சமையல் நான். இயற்பியல் பாடம் இரண்டு பாக்கி.

குழந்தை பிறந்து ஒன்பது நாள். பெண். வீடியோவில் கொட்டாவி விட்டது. அழகு.

அம்மா எங்கெல்லாம் போனாள் என்று அக்காவைக் கேட்டேன். ஆஸ்பத்திரி. அவ்வளவுதான்.

“ஏய், அம்மாவுக்கு பஸ்ஸு ஏறத் தெரியாதுடி. தொலைஞ்சி போனா? இங்க பத்தியம் யாரு வெக்கிறது, கொழந்தய யாரு குளிப்பாட்றது?”

“பாவா எதற்கு இருக்கிறார்? அவர் குழந்தைதானே?”

“அம்மாவுக்கே இஷ்டம் இல்ல.”

“கேட்டாயா?”

பின்னால் குக்கர் விசில். அக்கா போனை வைத்துவிட்டாள். இயற்பியல் நோட்டில் பேனாவை அழுத்தி அழுத்தி எழுதியதில் மூன்று பக்கம் கிழிந்தது.

ஜூலை 19, ஞாயிறு

தூறல். காலை ஆறு மணிக்கு அக்கா. அங்கே இன்னும் சனிக்கிழமை ராத்திரி.

“எல்லாம் உன்னாலதான்டி! குப்ப போடக் கீழ போன அம்மாவ ஒன்றர மணி நேரம் காணோம். பாவா கார எடுத்துகினு தெரு தெருவா அலஞ்சாரு. கடைசில பாத்தா, ஓட்டல்ல உக்காந்து சாப்ட்டுகினு கீறாங்க!”

நைனா பக்கத்தில் நின்று, “எழுதிக் குடுத்தா பாரு பேப்பரு,” என்று என்னைத் திட்டுகிறார். எனக்கு ஒரே கேள்விதான். “எந்தக் கடை? ஒன்றா, ஒன்பதா?”

அம்மா போனை வாங்கினாள். “உன் கடையெல்லாம் தூரம்டி. இது தெரு முனையில கீது. வியட்நாமோ இன்னாவோ. பக்கத்துல ஒருத்தி சாப்ட்டுகினு இருந்தா, அதக் கை காட்டினேன். சேமியா மாதிரி நீட்டு நீட்டா, சுடுதண்ணில. பச்சக் கொத்தமல்லி. காரம் பத்தல, சிவப்புச் சட்னி கேட்டு வாங்கினேன். நல்லா இருந்திச்சி. அடுத்த சனிக்கிழமையும் போவேன், உங்க அக்காகிட்ட சொல்ட்டேன்.”

“கடை பெயர்?”

“தெரியாது.”

“பதினோரு இடம் எழுதினேனே அம்மா, படித்தாயா இல்லையா? அந்தச் சீனக்காரர் தெருவுக்கு முதலில் போ. அதற்கப்புறம் படகு...”

“நீயும் உங்க நைனா மாதிரி அதட்டாதடி.”

வைத்துவிட்டாள். அவளேதான், முதலில்.

முகம் சுட்டது. நைனா சமையலறையிலிருந்து கத்துகிறார், மணி ஏழாகிறதாம், சட்னிக்கு இன்னும் தேங்காய் உடைக்கவில்லையாம்.

உடைக்கப் போவதில்லை.