பூஜையில் வைத்த துப்பாக்கி

முருகன் துணை

பிளானோ, டெக்சாஸ்,
15 அக்டோபர் 1997

அன்புள்ள மாமாவுக்கு,

கயல் எழுதுகிறேன். நானும் நம் குட்டி ஓவியாவும் சுகம். நியூ ஜெர்சி மான்மவுத் ஜங்ஷன் குளிரில் நீங்களும் ஸ்வெட்டரைப் பெட்டிக்குள்ளேயே வைத்திருக்காமல் எடுத்துப் போட்டுக்கொண்டு நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தினமும் போனில் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்பீர்கள். போனில் பேசினால் ஓவியா என் காலைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். சில விஷயங்களைச் சொல்லத் தொடங்கினால் எனக்கு அழுகை முந்திக்கொள்கிறது. அதனால்தான்.

அவளுக்குச் சளி விட்டுவிட்டது. சமையலறைக் குழாய் ஒழுகலை அபார்ட்மெண்ட் ஆட்கள் வந்து சரிசெய்துவிட்டார்கள். காருக்கு ஆயில் மாற்றிவிட்டேன். வீட்டுக் கவலை எதுவும் வேண்டாம்.

நவம்பரில் மான் சீசனுக்குப் பசுபதி அண்ணனோடு போகத் துப்பாக்கி வாங்கப்போவதாகவும், மூன்று ரைஃபிள்களில் எது நல்லது என்று முடிவு செய்ய முடியவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். "உனக்கென்ன தெரியப்போகுது" என்று கிண்டல் வேறு. மூன்றையும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டேன். ஏன் பார்த்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பயப்படாதீர்கள், எல்லோரும் நன்றாக இருக்கிறோம்.

வெள்ளிக்கிழமை அண்ணன் வீட்டில் ஆயுத பூஜை. வள்ளி அக்காவைத்தான் தெரியுமே, வாக்குவம் கிளீனர் முதல் வால் பேப்பர் கத்தி வரைக்கும் வரிசையாக அடுக்கிச் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டார். அண்ணனுடைய ரைஃபிளுக்கும் குழைத்த சந்தனத்தைத் தாராளமாக அப்பி, நடுவில் குங்குமம். படையல் முடிந்து பொரியும் சுண்டலும் சாப்பிடும்போது அண்ணனுக்குத் திடீரென்று சந்தேகம் வந்தது. போன வாரம் காட்டுப் பன்றி சுடப் போய்விட்டு வந்து தோட்டா அடுக்கும் மேகசினைக் காலி செய்தாராம். குழலுக்குள் ஏற்றியிருந்த ஒரு தோட்டாவை எடுத்தாரா என்பது நினைவில்லை. எழுந்து போய்ப் பார்க்கலாம் என்றார். பூஜையில் வைத்ததை மறுநாள் கற்பூரம் காட்டாமல் எடுப்பார்களா என்று அக்கா தடுத்தார். "அதெல்லாம் சேஃப்டி போட்டிருக்குதுங்க கயல், ஒண்ணும் ஆவாது" என்று அண்ணனும் உட்கார்ந்துவிட்டார். மெக்கானிக்கல் படித்த நானும் தலையை ஆட்டினேன். சரஸ்வதி படத்துக்குக் கீழே துப்பாக்கி ராத்திரி முழுக்க இருந்தது. குழந்தைகள் அதைத் தாண்டித் தாண்டித்தான் விளையாடினார்கள்.

விஜயதசமி காலையில் கற்பூரம் காட்டிவிட்டு அண்ணன் துப்பாக்கியை எடுத்தார். எங்கள் பக்கம் திருப்பாமல் ஆளில்லாத சுவர்ப் பக்கம் பிடித்துக்கொண்டார். அவருடையது பழைய மாடல். விசையைப் பூட்டும் சேஃப்டி போட்டிருந்தால், தோட்டா போடும் வாயை மூடுகிற போல்ட் திறக்காது. உள்ளே தோட்டா இருக்கிறதா என்று பார்க்கவே சேஃப்டியை எடுத்தாக வேண்டும். எடுத்தார். வெடித்துவிட்டது. விசையில் விரலே வைக்கவில்லை என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறார். துப்பாக்கி ரிப்பேர்க் கடையில் பிரித்துப் பார்த்தபோது விசைக்குப் பக்கத்தில் சந்தனம் இறங்கிக் காய்ந்து கட்டியாக இருந்தது. சந்தனம் அப்பும்போது அழுந்திய விசை அதனால் பழைய இடத்துக்குத் திரும்பாமல் நின்றிருக்கிறது; சேஃப்டியை எடுத்ததும் சுட்டுவிட்டது.

தோட்டா சுவரைத் துளைத்துக் கராஜுக்குள் போய் அரிசி மூட்டையில் நின்றது. பக்கத்து வீட்டுக்காரர்கள் கூப்பிட்டுப் போலீஸ் வந்தது. வந்தவர் துப்பாக்கியில் இருந்த குங்குமத்தைப் பார்த்துவிட்டு யாருடைய ரத்தம் என்று கேட்டார். அக்கா அழுதுகொண்டே "காட், காட்" என்று படத்தைக் காட்டினார். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை.

அது எந்தச் சுவர் தெரியுமா மாமா? அவர்கள் வீட்டுக்குப் போனால் நீங்கள் சாய்ந்து உட்காருவீர்களே, டிவிக்கு எதிரே, அந்தச் சுவர். நீங்கள் உட்கார்ந்தால் நெஞ்சு இருக்கும் உயரத்தில் ஓட்டை. வியாழக்கிழமை போனில், ஆபீசில் சாஃப்ட்வேர் ரிலீஸ் இருக்கிறது, பூஜைக்கு வர முடியாது என்று சொன்னீர்கள். நான் போனை வைத்த வேகம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இரண்டு நாள் மனதுக்குள் உங்களைத் திட்டிக்கொண்டே இருந்தேன். நீங்கள் வந்திருந்தால் ஓவியாவும் உங்கள் மடியில்தான் இருந்திருப்பாள். இதற்கு மேல் எழுத வரவில்லை.

திங்கட்கிழமை அக்காவோடு ரிப்பேர்க் கடைக்குப் போனபோதுதான் அங்கே விற்பனைக்கு இருந்த, நீங்கள் எழுதியிருந்த மூன்றையும் கேட்டு வாங்கிப் பார்த்தேன். முதலாவது அண்ணனுடைய மாடல்தான். நம் வீட்டு வாசலுக்குள் வராது. இரண்டாவதில் சேஃப்டி கைப்பிடிக்கு மேலே, நடு முதுகில் இருக்கிறது. இடக்கைக்காரருக்கு வசதி என்று எழுதியிருந்தீர்கள், உண்மைதான். கட்டைவிரல் தானாக அங்கே போகிறது. சேஃப்டி போட்டபடியே போல்டைத் திறக்கவும் முடிகிறது. ஆனால் அது விசையை மட்டுமே பிடிக்கிறது. தோளில் மாட்டிப் புதருக்குள் நடந்தால் போல்ட் இடிபட்டுத் திறந்துகொள்ளவும் கூடும்.

மூன்றாவதில் போல்டின் வாலில் சின்னச் சிறகு மாதிரி ஒன்று, மூன்று நிலையில் நிற்கிறது. முழுக்கப் பின்னால் தள்ளினால் தோட்டாவைத் தட்டும் ஊசியே பூட்டிக்கொள்கிறது, போல்டும் அசையாது. நடுவில் நிறுத்தினால் ஊசி பூட்டியபடியே இருக்க, போல்ட் மட்டும் திறக்கிறது. சேஃப்டியை எடுக்காமலே தோட்டாவை வெளியே எடுத்துவிடலாம். இடக்கையால் போட்டுப் பார்த்தேன், கொஞ்சம் சிரமம்தான். டிக் என்று சத்தமும் கேட்கிறது, மான் ஓடிவிடும் என்று நீங்கள் எழுதியது சரி. ஓடட்டும் மாமா. அதுக்கும் வீட்டில் யாராவது காத்திருப்பார்கள்.

வாங்குவதானால் அதையே வாங்குங்கள். நான் தடுக்கவில்லை. ஆறு மாதமாக அந்த அறையில் தனியாக ரசம் வைத்துச் சாப்பிடும் உங்களுக்கு இருக்கிற ஆசை இது ஒன்றுதான் என்று எனக்குத் தெரியும். அண்ணனோடு போங்கள். அவர் பாவம், இப்போதெல்லாம் ஓவியா முகத்தைப் பார்க்கவே கூசுகிறார், அவரையும் தேற்ற வேண்டும்.

ஆனால் எந்தச் சேஃப்டியையும் நான் இனி நம்ப மாட்டேன். காட்டிலிருந்து வந்ததும் வாசலிலேயே நின்று, போல்டைத் திறந்து, எனக்குக் காட்ட வேண்டும். நான் சுண்டுவிரலை உள்ளே விட்டுத் தொட்டுப் பார்ப்பேன். அண்ணன் முன்னால் உங்களுக்கு வெட்கமாக இருக்கும், சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆயுத பூஜைக்கும் அப்படித்தான், திறந்து வைத்துத்தான் பொட்டு.

ஓவியா உங்களுக்கு முத்தம் கொடுத்தனுப்பச் சொன்னாள். நீங்கள் துப்பாக்கி வாங்கினாலும் சரி, வாங்காவிட்டாலும் சரி. அந்த ஆபீஸ் ரிலீஸ் வேலை கொஞ்சம் தள்ளிப் போனாலும் பரவாயில்லை. டிக்கெட் கிடைக்கிற முதல் நாளில் கிளம்பி வந்துவிடுங்கள் மாமா. உங்களை ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டும்.

உங்கள் வரவுக்காகக் காத்திருக்கும்,
கயல்