கிளாக்கரையாவின் முழங்கால் சாக்கு

1998 ஜூன் 8, மடுல்சீமை

ஐந்தாம் வகுப்புக்கு இன்று பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தேன். அதைவிடப் பெரிய செய்தி: என் நாய் பிஸ்கட் வேலியைப் பிய்த்துக்கொண்டு போய் அடுத்த வீட்டு சீசரைக் கடித்தான். சீசர் இவனைக் கடித்தான். இரண்டும் உருண்டு புரண்டு தேயிலைத் தோட்டத்துப் பெரட்டுக் களத்துக்குள் போய் விழுந்தன. வேலை பிரித்துக் கொடுப்பதற்காக வரிசையில் நின்ற பெண்கள் கூடையோடு நாலாபக்கமும் ஓடினார்கள். தோட்டத்தை நிர்வகிக்கும் துரை ஜீப்பின் பானட்டில் ஏறி நின்றதாக என் வகுப்புப் பாக்கியலெட்சுமி சத்தியம் செய்கிறாள். நான் பார்க்கவில்லை. ஆனால் நம்புகிறேன்.

ஜூன் 9

துரையின் கடிதம் வந்துவிட்டது. மாதக் கடைசிக்குள் நாய்ச் சண்டை நிற்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு நாய்களும் தோட்டத்தை விட்டுப் போக வேண்டும்.

அடுத்த வீட்டுக் குமாரசிங்கம் ஐயாதான் தோட்டத்துப் பெரிய கிளாக்கர். துரை சொல்லச் சொல்ல அவரே டைப் அடித்து, ஒன்றை எனக்குத் தந்தார். மற்றதைத் தனக்கே கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் போட்டிருக்கிறார்.

"என்ர சீசர் அஞ்சு வருசமா இஞ்ச இருக்குது. உங்கட நாய் வந்த பிறகுதான் டீச்சர் இவ்வளவு பிரச்சினையும்" என்றார்.

அவனுக்குப் பெயர் இருக்கிறது ஐயா என்று சொல்ல வாய் வரை வந்தது. உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அம்மா போனபிறகு இந்த வீட்டில் நான் பேசினால் திரும்பிப் பார்க்கிற ஒரே உயிர் அவன். பசறை பஸ் நிலையத்தில் மழையில் நனைந்து கிடந்தவனை என் முந்தானையில் சுற்றிக் கொண்டுவந்தேன். இப்ப போ-ன்னா எங்க போவான்? நான்தான் விடுவேனா?

ஜூன் 13

பதுளையில் மிருக வைத்தியரைப் பார்த்தேன். வேலிக்கு இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சோறு வைக்க வேண்டுமாம். தட்டுகளை நாளுக்கு ஒரு சாண் கிட்டே நகர்த்த வேண்டுமாம். ஒன்று படுக்கிற சாக்கில் மற்றதைப் படுக்க வைத்தால் வாசம் பழகிவிடுமாம்.

"மனுசருக்கும் இது சரிவருமா டொக்டர்?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

ஜூன் 14

ஐயாவின் மனைவி லீலாதேவி அக்காவை வேலியோரம் பிடித்துத் திட்டத்தைச் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது.

"அவருக்குச் சொல்லிப் போடாதேங்கோ. சொன்னா இதுக்கும் ஒரு ஃபைல் திறப்பார்."

செவ்வாய்க்கிழமை ஐயா ஆபீஸ் போனதும் சீசரின் சாக்கை அக்கா வேலியில் போடுவார். நான் எடுத்துக்கொண்டு பிஸ்கட்டின் சாக்கை அங்கே போட வேண்டும். முப்பத்தாறு வயதில் இந்தத் திருட்டு வேலை! நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூன் 15

தட்டு வைத்தோம். பிஸ்கட் தன் சோற்றை ஒரே வாயில் விழுங்கிவிட்டு, சீசரின் தட்டைப் பார்த்து அரை மணி நேரம் குரைத்தான்.

ஜூன் 16

பள்ளிக்கூட இடைவேளையில் ஓடி வந்தேன். வேலியில் ஒன்றுக்கு இரண்டு சாக்குகள் கிடந்தன. இரண்டும் தோட்டத்துக் கொழுந்துச் சாக்குகள், இரண்டிலும் ஒரே நீல முத்திரை. அக்காவைக் காணோம். அழுக்கு அதிகமானதுதான் நாயுடையது என்று எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் பிஸ்கட்டின் சாக்கைப் போட்டுவிட்டு வந்தேன்.

ஜூன் 18

வேலை செய்கிறது! பிஸ்கட் அந்தச் சாக்கை விட்டு எழும்புகிறானில்லை. மூக்கைப் புதைத்துக்கொண்டு பெருமூச்சு விடுகிறான்.

ஜூன் 19

இன்று காலை பிஸ்கட் குமாரசிங்கம் ஐயாவின் பின்னாலேயே ஆபீசுக்குப் போய்விட்டான். அவர் மேசைக்குக் கீழே படுத்து, சப்பாத்தின் மேல் தலையை வைத்துக்கொண்டானாம். விரட்ட விரட்ட வாலை ஆட்டினானாம். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ஜூன் 20

விளங்கிவிட்டது. அட கடவுளே.

மடுல்சீமைக் குளிரில் ஐயாவுக்கு முழங்கால் குத்தும். மேலே கோட்டும் டையுமாக இருந்தாலும், ஆபீசில் மேசைக்கு அடியில் முழங்காலுக்குச் சாக்குச் சுற்றிக்கொள்வாராம். இது அக்காவுக்கு மட்டும் தெரிந்த ரகசியம். அன்றைக்கு அக்கா அதையும் வேலியில் வெயிலுக்குப் போட்டிருக்கிறார். நான் எடுத்து வந்தது அதைத்தான். பிஸ்கட்டின் சாக்கை இப்போது ஐயா சுற்றிக்கொண்டிருக்கிறார்.

"ராவெல்லாம் சொறியிறார் டீச்சர்" என்றார் அக்கா. "வீட்டுக்குள்ள வந்தா சீசர் அவரைப் பாத்து உறுமுது."

இரண்டு பேரும் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். பிறகு எனக்குப் பயம் வந்தது. தெரிந்தால் பிஸ்கட்டை அன்றைக்கே துரத்திவிடுவார். சாக்கை மாற்றி வைப்போம் என்றேன். அவர் அதை ஆபீஸ் அலுமாரியில் வைத்துப் பூட்டுகிறாராம். போச்சு!

ஜூன் 22

ஐயா வாசலில் நின்று, "டீச்சர், உங்கட வீட்டில தெள்ளுப்பூச்சி இருக்கோ?" என்று கேட்டார்.

"இல்லீங்களே ஐயா" என்றேன். நாக்கு கூசவே இல்லை.

ஜூன் 25

சீசர் இப்போது ஐயாவை உறுமுவதில்லை. முதலில் அவர் முழங்காலை மோந்து பார்க்கிறான், பிறகு வேலிக்கு ஓடிவந்து பிஸ்கட்டை மோந்து பார்க்கிறான். இரண்டும் ஒரே வாசம் என்று கண்டுபிடித்துவிட்டான்.

மாலை ஐந்து மணிக்கு ஐயா ஆபீஸ் விட்டு வரும்போது இரண்டும் வேலியின் இரு பக்கமும் காத்திருக்கின்றன. அவர் கோட்டுப் பையிலிருந்து ரொட்டித் துண்டு எடுத்து, அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று போடுகிறார். என்னைக் கண்டதும் இருமினார்.

ஜூன் 28

தட்டுகள் இரண்டும் வேலியை ஒட்டி வந்துவிட்டன. ஒரு குரைப்பும் இல்லை.

ஜூன் 30

துரை பெரட்டுக்கு வந்தார். ஜீப்பை விட்டு இறங்கவில்லை. பிஸ்கட்டும் சீசரும் கிளாக்கரையாவின் இரண்டு பக்கமும் காவல்காரர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தன.

"என்ன கிளாக்கர் இது?" என்றார் துரை.

"நன்னடத்தை சேர்" என்று ஐயா கோட்டுப் பையிலிருந்து டைப் அடித்த அறிக்கையை எடுத்து நீட்டினார். மூன்று பிரதிகள்.

பெண்கள் கைதட்டினார்கள். நான் அழுதுவிட்டேன். தூசி விழுந்தது என்று பிள்ளைகளிடம் சொன்னேன்.

2002 மே 20

பழைய கொப்பியைத் தேடி எடுத்து இதிலேயே எழுதுகிறேன்.

போரில் மூடிக் கிடந்த யாழ்ப்பாணப் பாதை திறந்துவிட்டது. ஐயாவுக்குப் பென்சனும் வந்துவிட்டது, இருவரும் ஊருக்கே போகிறார்கள். இன்று காலை லொறியில் சாமான் ஏற்றினார்கள். சீசருக்கு வயது போய்விட்டது, அவ்வளவு தூரம் தாங்க மாட்டான். அதுவுமல்லாமல் பிஸ்கட்டை விட்டு அவன் வரமாட்டான் என்று ஐயாவே சொல்லி, அவனை என்னிடம் விட்டார்.

லீலாதேவி அக்கா என் கையை ஒருமுறை பிடித்துவிட்டு லொறியில் ஏறினார். ஐயா மட்டும் திரும்பி வந்து, மடித்த பழைய சாக்கு ஒன்றை என் கையில் வைத்தார். நீல முத்திரை.

"இது பிஸ்கட்டின்ர. தந்திட்டுப் போறன்."

"ஐயா... தெரியுமுங்களா?"

"ஆபீஸ் யன்னலால பாத்தா உங்கட வேலிதானே டீச்சர் தெரியும். நீங்கள் சாக்கை எடுக்கேக்கையே கண்டனான்."

"அப்ப ஏன் ஐயா அதையே கட்டிக்கிட்டு..."

"மாசக் கடைசிக்கு ரெண்டு கிழமைதானே இருந்தது. சீசரை எங்க கொண்டுபோய் விடுறது?" என்றார். "ஆனா தெள்ளு இல்லையெண்டு சொன்னியள் பாருங்கோ, அது பெரிய பொய்."

லொறி திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாலை ஐந்து மணிக்கு இரண்டும் எழும்பி வேலியோரம் போய் உட்கார்ந்தன. போய்ட்டாருடா, வரமாட்டாருடா என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. உள்ளே போய் ரொட்டியை இரண்டாகப் பிய்த்து எடுத்துக்கொண்டு நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.