வீட்டைச் சுற்றி மருந்தில்லை

ஃபாங்,
அக்டோபர் 9

அன்புத் தங்கை சுமாலிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் குழந்தை லம்யாயும் சௌக்கியமா? போனில் என் எண்ணைப் பார்த்தாலே எடுக்க மாட்டேன் என்கிறாய். அதனால்தான் பேனாவைத் தேடிப் பிடித்தேன். சியாங் மாய்க்குக் குடிபோனவள் ஒரு பண்டிகைக்காவது இந்தப் பக்கம் வந்தாயா?

ஒரு நல்ல சேதி. நான் உண்டாகியிருக்கிறேன், ஐந்தாம் மாதம். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து, இந்த வயதில். கேட்டவர்கள் எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

ஆரஞ்சு இந்த வருஷம் கிளை தாங்காமல் காய்த்திருக்கிறது. உன் அத்தான் பிரசோங் என்னைத் தரையில் நடக்க விடுவதில்லை. வீட்டைச் சுற்றியிருக்கிற மரங்களுக்குப் பூச்சி மருந்தே அடிக்கக்கூடாது என்று ஆட்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஜன்னலைத் திறந்தால் அந்த வாடையே இல்லை. இந்த மனுஷனுக்குள் இவ்வளவு பாசம் எங்கே ஒளிந்திருந்ததோ தெரியவில்லை.

தாய்க்கும் பிள்ளைக்கும் காப்பாகக் கையில் நூல் கட்டும் சடங்குக்கு நீ வரவேண்டும். பழைய கோபத்தை எல்லாம் விடு.

உன் அக்கா
சங்வியன்


சியாங் மாய்,
அக்டோபர் 21

சங்வியனுக்கு,

உன் கடிதம் வந்த அன்றுதான் லம்யாயை இன்னொரு பாலர் பள்ளியும் திருப்பி அனுப்பியது. பக்கத்தில் இருந்த பிள்ளையின் காதைக் கடித்துவிட்டாள். "கெட்ட பிள்ளை இல்லீங்க இவ. ஆனா மத்த அம்மாமாருக்கு நான் என்னன்னு பதில் சொல்றது?" என்றாள் டீச்சர். அவளும் அழுதாள்.

ஐந்து வயதாகிறது. ஒரு கவளம் சோற்றை உருட்டி வாயருகே கொண்டுபோவதற்குள் தட்டைத் தள்ளிவிடுவாள். சட்டையில் கொஞ்சம் ஈரம் பட்டால் தலையைச் சுவரில் மோதுவாள். அப்புறம் அவளே வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "லம்யாய் அடிக்கல, கைதான் அடிச்சிச்சு" என்பாள்.

ஏழு மாத வயிற்றோடு உங்கள் தோட்டத்தில் பழம் பறித்துக்கொண்டிருந்தேன். அடுத்த வரிசையில் மருந்து வண்டியை ஓட்டினார்கள். முகமெல்லாம் ஈரம். ஓடிவந்து உன்னிடம்தான் சொன்னேன். "ஒண்ணும் ஆகாதுடி, அது பூச்சிக்கு அடிக்கற மருந்துதானே" என்றாய். உன் புருஷன் சிரித்தார். "மகாராணிக்குக் குடை பிடிக்க ஆள் போடட்டுமா?" என்று கேட்டார்.

இப்போது வீட்டைச் சுற்றி மருந்தில்லை. அப்படியென்றால் அவருக்குத் தெரியும். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டு எழுது.

சுமாலி


ஃபாங்,
நவம்பர் 6

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு எழுதுகிற கடிதமா அது?

மருந்து பட்ட கர்ப்பிணிகளையும் பிள்ளைகளையும் வருஷக்கணக்காகப் பார்த்துவருகிற டாக்டர் அம்மாவே, தனியாக ஒரு பிள்ளையைக் காட்டி இது இதனால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது என்றாளாம். அதை நீதான் நம் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். துறுதுறுப்பான பிள்ளைகள் எந்த ஊரில் இல்லை? அப்பன் விட்டுவிட்டுப் போன வீட்டில் பிள்ளை கொஞ்சம் முரண்டு பிடிக்கத்தான் செய்யும்.

இருந்தாலும் நீ சொன்னதற்காக இவரிடம் கேட்டேன். "எனக்கென்ன தெரியும்? ஒரு ஜாக்கிரதைக்குத்தான்" என்றார். அதற்குமேல் சாப்பிடவில்லை, எழுந்து போய்விட்டார்.

செங் என்று ஒருத்தி புதிதாக வேலைக்கு வந்திருக்கிறாள். எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பெண். உன்னைப் போலவே சுறுசுறுப்பு. அவளும் ஆறு மாதம். ஓடைப் பக்கத்து மரங்களில் பறிக்கிறாள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் உன் ஞாபகம்தான்.

ஒன்று கேட்கிறேன். சாயங்காலக் காற்று அந்த ஓடைப் பக்கத்திலிருந்துதான் வீசுகிறது. வீட்டைச் சுற்றி மட்டும் அடிக்காமல் இருந்தால் போதுமா? டாக்டர் அம்மாவிடம் கேட்டுச் சொல்லேன்.

சங்வியன்


சியாங் மாய்,
நவம்பர் 19

சங்வியனுக்கு,

கேட்டேன். அவர் விவரமாகச் சொன்னார். உனக்குச் சொல்ல மாட்டேன்.

காற்று எந்தப் பக்கத்திலிருந்து வீசுகிறது என்று ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிரு. நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். ஓடைப் பக்கத்தில் செங் நிற்கிறாள் என்பது உனக்குத் தெரிகிறது. அவளைப் பார்த்தால் என் ஞாபகம் வருகிறது என்றும் எழுதுகிறாய். உன் கை கூசவில்லையா?

வருகிறேன். நூல் கட்டுவதற்கு அல்ல.

சுமாலி


ஃபாங்,
பிப்ரவரி 11

சுமாலி,

உனக்கு இப்போது திருப்திதானே?

சீனப் புத்தாண்டு விற்பனைக்குச் சரக்கேற்ற லாரிகள் வந்து நிற்கிற வாரமாகப் பார்த்து, பழம் தரம் பிரிக்கிற கொட்டகைக்குள் பிள்ளையோடு வந்து நின்றாய். லம்யாய் கூடைகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்தாள். "இந்தப் பிசாசைத் தூக்கிட்டுப் போ" என்று இவர் கத்தினார். நீ அசையவில்லை. "உங்க தோட்டத்துல விளைஞ்சதுதான் அத்தான், நல்லாப் பாத்துக்கோங்க" என்றாய்.

அப்புறம் பெண்களைப் பார்த்துக் கேட்டாய்: "முதலாளி வீட்டைச் சுத்தி மட்டும் ஏன் மருந்தடிக்கலன்னு யாராச்சும் கேட்டீங்களாடி?" செங் என் வயிற்றைப் பார்த்தாள். தன் வயிற்றையும் பார்த்தாள். "நெசமாவா முதலாளியம்மா?" என்று என்னிடம் கேட்டாள். எனக்கு இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

கையுறையைக் கழற்றிவைத்துவிட்டு அவள் முதலில் வெளியே போனாள். பின்னாலேயே எல்லோரும் போய்விட்டார்கள். இவர் பள்ளத்தாக்கு முழுவதும் அலைந்தும் ஆள் கிடைக்கவில்லை. புத்தாண்டு முடிந்துவிட்டது. பழம் மரத்தடியில் அழுகிக் கிடக்கிறது, ஈ மொய்க்கிறது. உன் வாயால்தான் எல்லாம் போச்சு என்று சொல்லி இவர் என்னோடு பேசுவதில்லை.

எனக்கு நாள் நெருங்குகிறது. நான் கேட்டதற்கு இன்னும் நீ பதில் சொல்லவில்லை. கெஞ்சிக் கேட்கிறேன். இந்தச் சின்ன உயிர் உனக்கு என்ன செய்தது?

அக்கா


சியாங் மாய்,
பிப்ரவரி 15

சங்வியனுக்கு,

லம்யாயும் யாருக்கும் ஒன்றும் செய்யவில்லை.

டாக்டர் சொன்னது இது. வீட்டைச் சுற்றி மட்டும் நிறுத்தினால் போதாது. காற்றில் வரும், மருந்தடித்தவன் சட்டையில் வரும், செருப்பில் வரும். தோட்டத்தை விட்டே தள்ளி இருக்கவேண்டும். அம்மா வீட்டுக்குப் போ. பிரசோங்கின் துணியை உன் துணியோடு சேர்த்துத் துவைக்காதே. பிறந்த பிறகும் குழந்தையை அங்கே கொண்டுபோகாதே. செங்குக்கு இதையெல்லாம் கொட்டகைக்கு வந்த அன்றைக்கே சொல்லிவிட்டேன். அவள் இப்போது இங்கே ஒரு துணி தைக்கிற கடையில் இருக்கிறாள்.

நவம்பரிலேயே இது எனக்குத் தெரியும். எங்களால்தான் என்று ஒரு வரி நீ எழுதியிருந்தால் அன்றே சொல்லியிருப்பேன். நீ எழுதவில்லை, நானும் சொல்லவில்லை. அதற்காக எனக்கு வருத்தமில்லை.

உன் பிள்ளை நல்லபடியாகப் பிறக்கட்டும். சாபமாகத்தான் சொல்கிறேன். உட்காரச் சொன்ன இடத்தில் உட்காரட்டும். கையில் கொடுத்ததைச் சிந்தாமல் சாப்பிடட்டும். பள்ளியில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கட்டும். அப்படி ஒவ்வொன்று செய்யும்போதும் என் பெண்ணுக்கு எது இல்லாமல் போயிற்று என்று உனக்குத் தெரியட்டும்.

இனி எழுதாதே. உன் கையெழுத்தைப் பார்த்தால் பிரிக்க மாட்டேன்.

லம்யாயின் அம்மா